கால் இருந்தவரை இருந்த வீடு

என் கணவரின் முழங்காலை உடைத்தவனுடைய மனைவி என் அறைக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, "அக்கா, நாங்க இந்த டீமிலேயே இருக்கலாமா, வேற டீமுக்குப் போயிடலாமா?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். பொறாமையும் உண்டு.

எனக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை ஒரு பெரிய கம்பெனியில் கிராணி, ஆபீசில் எழுத்து வேலை, என்று என் அப்பாவிடம் சொன்னார்கள். பொய்யில்லை. வேலை உத்தரவில் கிராணி என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அவரை எடுத்தது கம்பெனியின் பந்தாட்டக் குழுவுக்காக. ஃபேரர் பார்க் திடலில் அவர் இடது ஓரமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு மறுநாளே கூப்பிட்டார்களாம். இங்கே பெரிய குழுக்கள் எல்லாம் அப்படித்தான். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்க விதி இடம் தராது. அதனால் வேலை கொடுப்பார்கள், குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். ஜெயித்த நாளில் அவருடைய பூட்ஸுக்குள் பணம் வைத்த ஒரு சிவப்பு உறை இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. சேற்றைக் கழுவும்போது நான்தான் எடுத்து அவரிடம் கொடுப்பேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் திடலுக்குப் போய்விடுவார். அவர் மேசையில் கிடக்கும் வேலையை மற்ற கிராணிகள் செய்வார்கள். அவர்களுக்கு எரிச்சல் இருக்கத்தானே செய்யும்?

"நாங்க கையால எழுதுறோம், நீ காலால எழுதுறே. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமா லா?" என்பார்களாம். அவர் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால் இருந்தது. இரண்டு அறை, தனிச் சமையலறை, தனிக் குழாய். சிராங்கூன் சாலையில் ஒரு மாடிக்கே ஒரு குழாய் என்று வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். முதல் வாரம் வேலை இல்லாதபோதும் அந்தக் குழாயைத் திறந்து பார்ப்பேன்.

மகன் பிறந்த வருடம் இன்னொரு குழுவின் ஆள் வீட்டுக்கு வந்தார். துணிக்கடை வைத்திருக்கும் மரைக்காயர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"தம்பி, காலு இருக்கற வரைக்கும்தான் உங்களுக்கு விலை. நான் சும்மா புகழ வரல. எங்க டீமுக்கு வாங்க, என் கடையில ஒரு பங்கு எழுதித் தர்றேன். காலு போனாலும் கடை இருக்கும்."

அவர் போன பிறகு கணவர் என்னைக் கேட்டார். நான் எதையும் உடனே சொல்கிறவள் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யோசித்து முடிப்பதற்குள் எங்கள் குழுவின் செக்ரட்டரி வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ எங்க வீட்டுப் பிள்ளைப்பா. பிள்ளை எங்கயாவது வீடு மாறுமா?"

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. அன்றோடு மரைக்காயர் பேச்சு முடிந்தது.

அடுத்த பருவத்தில், மழை பெய்து சேறாகிக் கிடந்த திடலில், எதிர்க் குழுவின் தடுப்பாட்டக்காரன் ஒருவனைத் தாண்டி இவர் பந்தைத் தட்டிவிட்டார். அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் காலுக்கு வந்தான். நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றோரம் நின்றிருந்தேன். பக்கத்தில் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தவர் தன் கூட்டாளியிடம், "சோலி முடிஞ்சுது. அடுத்த ஆளப் பாக்கச் சொல்லு" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கச்சானில் கொஞ்சம் என் மகனுக்கும் கொடுத்தார்.

செக்ரட்டரி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். வைத்தியச் செலவுக்குக் கம்பெனி ஏதாவது செய்யுமா என்று நான்தான் கேட்டேன்.

"பந்து விளையாடறது வேலை இல்லியேம்மா. அது அவரோட பொழுதுபோக்கு. ஆபீஸ்ல கிராணி வேலை பாக்கும்போது அடிபட்டிருந்தா கம்பெனி பாத்துக்கும்."

குரல் அன்பாகத்தான் இருந்தது.

தடியூன்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். முதல்முறையாக முழுநாளும் மேசையில் உட்கார்ந்தார். "வா வா, இப்ப கையால எழுது பாப்போம்" என்று கட்டுக்கட்டாகக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார்களாம். எதை எங்கே எழுதுவது என்றே அவருக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தேவைப்பட்டதும் இல்லை. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். வீட்டில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். தமிழ் நாலாம் வகுப்போடு நின்றவருக்கு அது ஏறவில்லை. கிராணி வேலைக்குத் தகுதி போதாது என்று நிறுத்திவிட்டார்கள். அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் வலித்தது.

நாங்கள் வீட்டைக் காலி செய்வதற்குள் அடுத்துக் குடிவருகிறவர்கள் பார்க்க வந்தார்கள். கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான். சேற்றில் வந்த அதே ஆள். கம்பெனி அவனை எடுத்திருந்தது. அவனும் கிராணிதான்.

அவன் மனைவிக்கு என்னைவிட வயது குறைவு. நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலை முழம் போட்டு அளந்தாள்.

"அக்கா, இந்தத் திரைச்சீலைய எடுத்துட்டுப் போவீங்களா, விட்டுட்டுப் போவீங்களா?"

அவன் என் கணவரின் காலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். "அண்ணே, அது ஆட்டத்துல நடந்தது. மனசுல வச்சுக்காதீங்க."

"உன்னக் குறை சொல்லலப்பா. உன் இடத்துல நான் நின்னிருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றார் இவர். "இந்தப் பக்கத்து ஜன்னல்ல மழை ஒழுகும். கட்டில இங்க போடாதே."

நான் அவரைப்போல் இல்லை. திரைச்சீலையைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். இப்போது இருக்கும் இந்த வாடகை அறைக்கு ஜன்னலே கிடையாது.

மூன்று வருடமாகக் கணவர் ஆற்றோரம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஜாகாவாக இருக்கிறார். உட்கார்ந்தே காவல் பார்க்கலாம் என்பதால் கிடைத்த வேலை. எப்போது வேண்டாம் என்பார்களோ தெரியாது. போன வாரம் செக்ரட்டரி அங்கே தேடி வந்தாராம். ஜொகூரில் ஒரு குழு அந்தத் தடுப்பாட்டக்காரனைக் கேட்கிறதாம்.

"டீம்ல உனக்கு ஒரு வேலை இருக்குப்பா. பூட்ஸு, ஜெர்சி, பந்து எல்லாம் நீ பாத்துக்கணும். பழைய ஆட்டக்காரங்கள நாங்க கைவிட மாட்டோம்னு நீயே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அவன் இருந்தா உனக்கும் வேலை இருக்கும்."

இதைச் சொல்லும்போது கணவரின் முகத்தில் ஒரு வெளிச்சம். மறுபடி திடலுக்குப் போகலாம் என்கிற வெளிச்சம். காலை உடைத்தவனின் பூட்ஸைத் துடைத்து, ஜெயித்த நாளில் அதற்குள் சிவப்பு உறையை வைக்கும் கை இனி இவருடையதாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

"அவன் பொண்டாட்டி உன்னத்தான் கேப்பா. நீ படிச்சவ. நீ சொன்னா நம்புவா" என்றார்.

நேற்று அவள் வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழமும், இடுப்பில் பெண் குழந்தையும். ஜொகூரில் நிறையத் தருவதாகச் சொல்கிறார்களாம், கடைசிவரை வைத்துக்கொள்வார்களா என்று பயமாக இருக்கிறதாம். இங்கே செக்ரட்டரி வீட்டுக்கே வந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாராம்.

"நீ எங்க வீட்டுப் பிள்ளைன்னு சொன்னாரு அக்கா. இவரு அழுதுட்டாரு. உங்களுக்கு எல்லாம் தெரியும். அவர நம்பலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன்.

நம்பு என்று சொன்னால் என் கணவருக்கு நிலையான வேலை. மகனை அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்கலாம். அவர் பழையபடி சிரிப்பார். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. என்றாவது ஒருநாள் அவளும் அந்த ஜன்னலில் ஏறித் திரைச்சீலையைக் கழற்றுவதை நினைத்துப் பார்த்தேன். இனித்தது. பிறகு அவள் இடுப்பில் இருந்த குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. நம்பாதே, போ என்று சொன்னால் எங்களுக்குப் பூட்ஸ் துடைக்கும் வேலைகூட இல்லை. ஜொகூர்க்காரர்கள் மட்டும் யோக்கியர்கள் என்று எனக்கு யார் சொன்னது?

பருவம் தொடங்குவதற்குள் மறுபடி வருவாள். இதை வாசிக்கிற தாய்மார்களே, பெரியவர்களே, நான் அவளிடம் என்ன சொல்லட்டும்? பத்திரிகைக்கு எழுதுங்கள். நல்லவளாக இருப்பது எப்படி என்று எழுத வேண்டாம். அது எனக்குப் பள்ளியிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள். ஜன்னல் இல்லாத இந்த அறையில், பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளையோடு, என் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.