புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்தேன்

பழைய இறப்புப் பதிவேட்டில் பெயர் தேடிப் போகிறவர்கள் அது கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போவார்கள். நான் கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு போனேன். அப்பாவின் பெயர் இருக்கிற பக்கத்தைக் கரையான் தின்றிருந்தால் மூன்று பௌர்ணமி கிரிவலம் வருவதாக அண்ணாமலையாரிடம் சொல்லியும் வைத்தேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் வேண்டிக்கொள்கிற விஷயமா இது? ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

தாலுகா ஆபீசில் மனுவை எழுதி ஸ்டாம்ப் ஒட்டி நீட்டினேன். எழுத்தர் ஒரு நடுவயது அம்மாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"செங்கம் ரோடுனு போட்டிருக்கீங்க. டவுன் கணக்கா, கிராமக் கணக்கா சார்?"

"அப்ப கிராமக் கணக்குங்க. வி.ஏ.ஓ.கிட்டதான் எழுதிக் குடுத்தோம்."

"அப்படின்னா கஷ்டம் சார். கிராமத்து நோட்டுங்க பாதி மழையில நனைஞ்சி ஒட்டிக்கினு இருக்குது. தேடிப் பாக்கறேன். இல்லேன்னா பதிவு இல்லைனு ஒரு சான்று தருவோம், அத வெச்சிக்கினு கோர்ட்டுக்குப் போங்க. கவலப்படாதீங்க."

எனக்கு வேண்டியதே அந்தச் சான்றுதான். அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அப்பா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விற்றுவிட்டு, ஆசிரமத்துக்கு அப்பால் செங்கம் ரோட்டை ஒட்டி ஒரு மனை வாங்கி இரண்டு அறை கட்டினார். அப்போது அந்தப் பக்கம் மயில் கத்துகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். பெரியவர் அண்ணன், பெங்களூரில் கம்பெனி வேலை. அடுத்தது அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு கைக்குழந்தையோடு அப்பாவிடம் வந்து சேர்ந்தவள். கடைசி நான். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் எடுத்துப் போட்டு, கழுவி, சோறு ஊட்டியது அக்கா ஒருத்திதான். அண்ணன் பொங்கலுக்கு வருவார். நான் வந்தவாசிப் பக்கம் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தலையைக் காட்டிவிட்டுப் போவேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

வட ஆற்காட்டிலிருந்து மாவட்டம் பிரிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வாரம் அப்பாவுக்கு முடியவில்லை என்று நான் லீவு போட்டிருந்தேன். வியாழக்கிழமை காலை, பத்திரம் எழுதுகிறவரை அழைத்து வரச் சொன்னார். நான்தான் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்து வந்தேன். வீடு மகளுக்கு என்று உயில் எழுதியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரும் எதிர் டீக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டபோது கீழே அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்று சாயங்காலமே உயிர் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தார். பஞ்சாங்கம் பார்க்கிறவரும் வந்தார். வியாழக்கிழமை முழுக்க அவிட்டம் என்றார். எங்கள் பக்கத்தில் அவிட்டத்தில் சாவு விழுந்தால் அடைப்பு. செத்த அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். மீறிப் புழங்கினால் வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த அறையைத் தாண்டித்தான் சமையல் அறைக்கே போக முடியும். அறையை அடைத்தால் வீட்டையே அடைத்த மாதிரி.

அண்ணன் என்னைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அடைப்பு போட்டா தங்கச்சி ஆறு மாசம் சின்னக் கொழந்தைய வெச்சிக்கினு எங்கடா போவா? புதன்கிழம திருவோணம்தான், அதுக்கு அடைப்பு இல்ல. அன்னிக்கே போயிட்டாரு, நான் வர்றதுக்காக வெச்சிருந்தீங்கனு சொல்லிடலாம். இத யாரு நோண்டப் போறாங்க?"

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பஞ்சாங்கக்காரரும் "அப்படியே வெச்சிக்கோங்க" என்றார். தெருவில் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம்கூட அப்பா இருமிய சத்தம் கேட்டவர்கள்தான். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. நாளைக்கு அவர்கள் வீட்டிலும் அவிட்டம் வரலாம் அல்லவா? கருமாதிப் பத்திரிகையில் புதன்கிழமை என்றே அச்சடித்தோம். காரியம் முடிந்த மறுநாள் நான் போய் வி.ஏ.ஓ.விடம் அதே கிழமைக்குரிய தேதியைச் சொன்னேன். தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நடுத்தெருவுல நிக்கவெக்காம காப்பாத்திட்டீங்கடா" என்றாள். நானும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் செங்கம் ரோடு ஆளே மாறிவிட்டது. வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் தங்க ஆரம்பித்தார்கள். மயில் கத்திய இடத்தில் காபிக்கடையும் வாடகை அறையும் வந்தன. அக்கா முன் அறையை ஒரு வெளிநாட்டு அம்மாளுக்கு விட்டு, நாலைந்து பேருக்கு இட்லி தோசை செய்து கொடுத்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தாள். அண்ணனுக்குப் பெங்களூரில் மூக்கு வியர்த்தது. ஒரு நாள் புரோக்கரோடு வந்து இறங்கினார்.

"அப்பா சொத்து. மூணு பேருக்கும் பங்கு இருக்குது. வித்துடலாம்."

அக்கா உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து உயிலை எடுத்து வந்து கொடுத்தாள். அண்ணன் படித்தார். தேதிக்கு வந்ததும் கண் நின்றது.

"வியாழக்கிழம தேதி போட்டிருக்குது. அப்பா புதன்கிழமையே போயிட்டாரே!"

என்னைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போன அதே மனுஷன் வாய் கூசாமல் சொன்னார். அன்றைக்குப் புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்தபோது உயிலில் இருந்த தேதி எனக்கு நினைவுக்கே வரவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. "என்னண்ணா இப்படிப் பேசறீங்க" என்றேன். வாத்தியார் பேசுகிற பேச்சு.

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. உயிலில் சாட்சி போட்ட பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போயிருந்தார். டீக்கடைக்காரர் ஓசூரில் மகன் வீட்டில் இருந்தார். தேடிப் போனால், "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா, என்ன வுட்டுடு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவின் வக்கீல்தான் சொன்னார்: மொதல்ல இறப்புப் பதிவு இருக்குதானு பாருங்க, இல்லேன்னா ஒரு வழி இருக்குது, இருந்தா அது நம்ம தலையிலதான் விழும்.

அப்படித்தான் அந்த வராந்தா பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எழுத்தர் அம்மாள் வாயெல்லாம் சிரிப்பாக ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு யோகம் சார்! அந்த வருஷத்து நோட்டு மட்டும் புதுசாட்டம் இருக்குது."

ஒரு பொட்டு கறை இல்லை. அப்பா பெயர், வயது, புதன்கிழமைத் தேதி, கடைசியில் என் கையெழுத்து. ஊரில் எத்தனையோ பேர் உண்மையான சாவுக்குச் சான்று கிடைக்காமல் நடையாய் நடக்கிறார்கள். என் பொய் மட்டும் கல்வெட்டு மாதிரி இருந்தது.

"தேதி தப்பா இருந்தா திருத்த முடியுமாங்க?" என்று கேட்டேன்.

"முடியும் சார். தகவல் குடுத்தவங்க தப்பா குடுத்துட்டேன்னு பிரமாண வாக்குமூலம் எழுதித் தரணும், மேல ஆர்டர் வாங்கணும். யாரு சார் குடுத்தது?"

"நான்தான்."

நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியாம சொல்லிட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் சொன்னேங்க."

அதற்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நகலில் சீல் குத்திக் கொடுத்தார்.

வக்கீல் வாக்குமூலத்தை டைப் அடித்து வைத்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. அந்த வாரம் அண்ணன் போன் செய்தார். "சர்க்கார் சம்பளம் வாங்கற வாத்தியாரு. சர்க்காருக்குப் பொய்த் தகவல் குடுத்தேன்னு எழுதிக் குடுத்தா இன்னா ஆவும்னு யோசிச்சியா? உனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது." பிறகு, "வீடு வித்தா உனக்கும்தான் ஒரு பங்கு" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். பிறகு இன்னொரு வாரம் கேட்டேன். மூன்றாவது தடவை அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணனின் வக்கீல் நகலை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இதுல இருக்கற தேதி நீங்க சொல்லி எழுதனதா?"

"ஆமாங்க."

"உண்மையான தேதிதானா?"

அக்கா பின்னால் பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் என்னால் சொல்ல முடியாது என்று தெரியும். அதனால் திரும்பவில்லை. "ஆமாங்க" என்றேன்.

செத்தவர் மறுநாள் உயில் எழுத முடியாது என்று தீர்ப்பாயிற்று. வீடு விற்றது. ஆறு மாதம் வெளியே நிற்கக் கூடாது என்று நாங்கள் சொன்ன பொய், அக்காவை ஒரேயடியாக வெளியே நிறுத்திவிட்டது. அவளுக்கு வந்த பங்கில் அந்தப் பக்கம் ஒரு மூலைகூட வாங்க முடியாது. வேங்கிக்காலில் ஒற்றை அறை ஒன்றுக்கு வாடகைக்குப் போனாள். இட்லி வாங்கிச் சாப்பிட்ட வெளிநாட்டுக்காரர்கள் அவ்வளவு தூரம் வரவா போகிறார்கள்? ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். என் பங்கை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான், சொல்லவில்லை.

அந்த வருஷம் அண்ணன் மறுபடி போன் செய்தார். "வர்ற திங்கக்கெழம அப்பாவுக்குத் திதி. வீடு இல்லையே, அய்யங்குளத்தண்ட வெச்சிக் குடுத்துடலாம். காலையில வந்துடு."

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை வருவது அப்பா உயிர்விட்ட அந்த வியாழக்கிழமையின் திதி. வருஷா வருஷம் அக்கா அந்த வீட்டில் அந்தத் திதியில்தான் சமைத்தாள், நாங்கள் அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோர்ட்டில் மூன்று பேரும் நின்றபோது ஒருத்தருக்கும் இது ஞாபகம் வரவில்லை. சர்க்காருக்குச் சொல்வதும் செத்தவருக்குச் செய்வதும் ஒரே விஷயம் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை.

"புதன்கிழம போனவருக்கு ஞாயித்துக்கெழமையே திதி வந்துடுதேண்ணா" என்றேன்.

அண்ணன் நிஜமாகவே பதறிப்போன குரலில் சொன்னார்: "அப்பா சோத்துல வெளையாடாதடா. தப்பான நாள்ல வெச்சா அவருக்குப் போய்ச் சேருமா?"

திங்கட்கிழமை காலை போனேன். அய்யர் நாளையும் நட்சத்திரத்தையும் கேட்டார். அண்ணன் தயங்காமல் சரியான நாளைச் சொன்னார், அவிட்டம் என்றார். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன், பிண்டத்தைக் கையில் வாங்கிக் குளத்தில் கரைத்தேன். வேங்கிக்காலில் அந்த நேரத்துக்கு அக்காவும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துக் காக்கைக்கு வைத்திருப்பாள். அங்கே போகப் பஸ்ஸில் கால் மணி நேரம்தான். அவள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல், அண்ணன் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.