கோபால்சாமி ரொப்பாத மீன்தொட்டி

மத்தியானம் மூன்றரைக்குச் செய்தி வந்தது. செந்தாமரை அப்போது வாசலில் காய்ந்த சாமையை வாரிக்கொண்டிருந்தாள். காவலூரிலிருந்து இறங்கும் பாதையில், ஒரு வளைவில், அவள் கணவர் கோபால்சாமி வண்டியோடு பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்று பால்காரர் போனில் சொன்னார். உயிர் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. பால்காரரின் குரலே சொல்லிவிட்டது.

கோபால்சாமி போர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் தொடமாட்டார். தேங்காய் வாங்கினால் காதோரம் வைத்து ஆட்டி, தட்டி, மறுபடி ஆட்டுவார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னையும் இப்படித்தான் தட்டிப் பாத்தீங்களா?" என்பாள் செந்தாமரை.

"அங்கதான் ஏமாந்துட்டேன்."

ஆலங்காயத்தில் பல் டாக்டருக்காகக் காத்திருந்த இடத்தில் மீன்களைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் ஒரு தொட்டி வேண்டும் என்றாகிவிட்டது. செந்தாமரையின் தம்பி வெற்றிவேல், செங்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறவன், அங்கே கிடந்த பழைய கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினான்.

"நல்லாதான் கீது மாமா. தண்ணிய ரொப்பி மீன வுடுங்க."

மாமா ரொப்பவில்லை. சமதளமான இடம் பார்த்துத் தெர்மகோல் போட்டு, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, தொட்டியை வைத்தார். இணைப்புகளை நகத்தால் நெருடினார். கால்வாசி தண்ணீர் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இன்னா மாமா, தொட்டிக்கு ஜாதகம் பாக்குறீங்களா?" என்று வெற்றிவேல் சிரித்தான்.

காலையில் இடது மூலைக்கு அடியில் காகிதம் நனைந்திருந்தது. அவர் செந்தாமரையின் விரலைப் பிடித்து அந்த மூலையில் வைத்தார். பசை தோல்போல உரிந்துவந்தது. உள்ளே இன்னொரு பசை, மஞ்சளாக.

"பழசு மேல புதுச பூசி மறைச்சிருக்கானுங்க. சிலிக்கான் மேல சிலிக்கான் ஒட்டாது. எல்லாத்தையும் சுரண்டிட்டுதான் வெக்கணும். இப்படியே ரொப்பினா ஒரு நாளைக்கு கண்ணாடி மொத்தமா வுட்டுடும்."

புது சிலிக்கான் பசை வாங்கத்தான் ஆலங்காயம் கிளம்பினார். அவர் வண்டி பிரேக் ஷூ மாற்ற மெக்கானிக்கிடம் நின்றது. வெற்றிவேல் தன் வண்டிச் சாவியை நீட்டினான்.

"பிரேக்கு?"

"நல்லாதான் கீது மாமா."

மச்சினன் முகத்துக்கு எதிரே சோதிக்கக் கூச்சப்பட்டாரோ என்னவோ, அன்றைக்கு மட்டும் அவர் சோதிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வெற்றிவேல் வந்தான்.

"தொட்டி சும்மாதான கெடக்குது? எடுத்துட்டு போறேன்க்கா. பாப்பா மீனு மீனுன்னு கேக்குது."

அவன் மகளுக்கு மூன்று வயது. அவள் எட்டிப் பார்க்கிற உயரத்தில், டிவி மேடையில் வைப்பானாம்.

"அது ஒழுகுதுடா. மாமா பாத்து சொன்னாரு."

"மாமா எதுலதான் ஓட்ட கண்டுபிடிக்கல? லாட்ஜில அவ்ளோ நாளு நின்னுச்சு, நல்லாதான்…"

அவள் குறுக்கிட்டாள்.

"உன் வண்டி பிரேக்க நீ பாத்தியா?"

"அது விதிக்கா."

"உனக்கு விதி. எனக்கு வூடு காலி."

அவன் அழுதான். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஆட்டோ எடுத்துட்டு வர்றேன். மனசுல எதையும் வெச்சிக்காத" என்றான்.

தொட்டியைத் தர மனமில்லாமல் அக்கா ஏதோ சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். கொடுத்துவிடலாமா என்று அவளுக்கும் தோன்றியது. ரொப்பட்டும். வீடெல்லாம் தண்ணீரும் கண்ணாடியுமாய்ச் சிதறட்டும், அப்போது தெரியும். அடுத்த நொடியே, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும் பாப்பா கண்ணுக்குள் வந்தாள்.

தம்பியிடம் இனிச் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டியே இல்லாவிட்டால் எதை ரொப்புவான்?

கோபால்சாமியின் சவரப் பிளேடை எடுத்துவந்து பசையை அறுக்க உட்கார்ந்தாள். முன்கண்ணாடி தனியே வந்தது, சுவரில் சாய்த்துவைத்தாள். பக்கக் கண்ணாடியைப் பாதி அறுத்தபோது பிளேடு முறிந்தது. வீட்டில் வேறு பிளேடு இல்லை. மீதி மூன்று கண்ணாடிகளும் இன்னும் அடிக்கண்ணாடியோடு ஒட்டியபடிதான் நிற்கின்றன. முன்பக்கம் திறந்துகிடக்கிற அதில் இனி ஒரு சொட்டும் நிற்காது.