தீபிகாவின் மேல் வந்த வாடை

ஹேமநாதன் எனக்கு அண்ணன் மகன். திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரே மகள் தீபிகா, நாலாம் வகுப்பு. மனைவி சௌம்யா இல்லை. பட்டாபிராமில் பெண்ணெடுத்தோம், எங்கள் ஜம்புலிங்கம் மாமாவின் பேத்திதான். சர்க்கரை வியாதி. காலில் வந்த புண்ணை ஆறிவிடும் ஆறிவிடும் என்று மூடி வைத்தாள். அவள் படுத்த பாயிலிருந்து ஒரு வாடை கிளம்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வரவில்லை. அப்போது தீபிகா யூகேஜி படித்துக்கொண்டிருந்தாள்.

ஹேமநாதனுக்கு ஒரு குணம். பயந்ததை வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்று நம்புகிறவன். அதனால் பயம் வந்தால் பேசவே மாட்டான்.

ஆடி மாதம் அது. காலை முதல் சவாரியில் மகளை முன் சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது அவன் வழக்கம். அன்றைக்குச் சிக்னலில் வண்டி நின்றபோது, கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள் பாப்பா. ஒரு வாடை வந்தது. வெங்காயம் நறுக்கிய கை மாதிரி, புளிப்பும் காட்டமும். பெரிய ஆளின் வேர்வை வாடை. எட்டு வயது முடிந்து ஒன்பது நடக்கிற பிள்ளையின் மேல் அது எப்படி வரும்? பின்னால் உட்கார்ந்திருந்த ஆட்கள்மேல் பழியைப் போட்டுப் பார்த்தான். அவர்கள் இறங்கிப் போன பிறகும் வாடை போகவில்லை. அவனுக்குச் சௌம்யாவின் பாய் ஞாபகம் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து குளித்த ஈரம் காய்வதற்குள் மகளின் அக்குளில் பவுடரைக் கொட்டினான். அதுவும் போதாதென்று, வேனுக்குள் அடிக்க வாங்கி வைத்திருந்த மல்லிகை சென்ட்டை எடுத்து அங்கேயே அடித்துவிட்டான்.

"எரியுது நைனா! நான் இன்னா வேனா?" என்று குதித்தாள் பிள்ளை.

"சும்மா நில்லு. வாசமா இருந்தா நல்லதுதானே."

அந்த வாரமே அக்குள் இரண்டிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்துவிட்டது. தலை பின்ன வந்த கன்னியம்மாள்தான் முதலில் பார்த்தாள். அவள் ஹேமநாதனின் அக்கா, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். பார்த்ததும் சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டேய், ஆத்தா வந்துகிறாடா! ஆடி மாசம் வேற. இதப் பார்த்துமா வண்டி ஓட்டிகினு கீற?"

"அம்மையா? ஜுரம்கூட இல்லியே."

"ஜுரம் வர்ற வரைக்கும் காத்துகினு இருப்பியா? போய் வேப்பிலை ஒடிச்சிகினு வாடா."

எங்கள் பக்கத்தில் அம்மை என்றால் முறை உண்டு. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அடுப்பில் தாளிக்கக் கூடாது. பிள்ளைக்குக் குளியல் கிடையாது, சோப்பு ஆகாது. அம்மை முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். கன்னியம்மாள் ஒன்று விடாமல் செய்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். தீபிகா வேப்பிலைப் படுக்கையில் இளநீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள்.

குளிக்காத பிள்ளை, ஆடிப் புழுக்கம், போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு கிடந்தால் வாடை என்ன ஆகும்? நாளுக்கு நாள் ஏறியது. ஹேமநாதன் சவாரி முடித்துக் கதவைத் திறந்தால் வேப்பிலை வாசத்தையும் மீறி மூக்கில் அடித்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வந்திருப்பது ஆத்தா என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது குற்றம். வந்திருப்பது சௌம்யாவுக்கு வந்தது என்றால், தூக்கிப் போகாமல் இருந்துதானே அவளை இழந்தான்? எந்தப் பக்கம் கால் வைத்தாலும் பள்ளம். இளநீரைக் குடித்துவிட்டு மகள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டபோது சொம்பை எடுத்தவன் அப்படியே நின்றான். சௌம்யாவும் இப்படித்தான் சொம்பு சொம்பாகக் குடித்தாள்.

அன்று மத்தியானம் அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். தீபிகா எழுந்து உட்கார்ந்தாள்.

"நைனா, கிட்ட வராத."

"ஏன்மா?"

"எம்மேல நாறுது. இஸ்கூல்ல என் பக்கத்துல யாரும் குந்தல. ராதிகா மூக்கப் பொத்திகினா." ஒரு வேப்பிலையைக் கிள்ளினாள். "அம்மா மேலயும் நாறுச்சு. எனக்கு ஞாபகம் கீது. நானும் செத்துடுவேனா?"

ஹேமநாதன் வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் பிள்ளை சாதாரணமாகக் கேட்டுவிட்டது. அவளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு நடந்தான்.

எதிரே கன்னியம்மாள் வந்தாள். "டேய் எங்கடா தூக்கிகினு போற? ஆத்தா கண்ணக் குத்துவாடா!"

"என் கண்ணக் குத்தட்டும்கா. புள்ளைய உடு."

பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக். உள்ளே போனதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "இவங்க அம்மா இல்லீங்க, செத்துட்டாங்க." பிறகு பாய், காலில் வந்த புண், வாடை, வேன் சென்ட் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினான். டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிள்ளையை மறைவுக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அந்தச் சின்ன மிஷினில் எண் வருவதற்குள் ஹேமநாதனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"சர்க்கரை இல்ல. அம்மையும் இல்ல. இது வேர்க்குரு, சென்ட் பட்டு வெந்தது வேற. அத வேனுக்கு அடிங்க, புள்ளைக்கு அடிக்காதீங்க."

"அப்ப வாடை மேடம்?"

"வளர்றா. எட்டு, ஒம்போது வயசுல அக்குள்ல இருக்கற வேர்வை மாறும். வேர்வைக்கு வாடை கெடையாது, தோல்ல இருக்கற கிருமி அதத் தின்னுதான் இந்த வாடை வருது. எட்டு வயசுக்கு முன்னாடியே வந்திருந்தா நானே டெஸ்ட் எழுதுவேன். இவளுக்கு இது சரியான வயசு."

"தண்ணி கேட்டுகினே இருக்கா மேடம்."

"இந்தப் புழுக்கத்துல நீங்க கேக்கல? ஓயாத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, ஒடம்பு எளைக்கறது, மூச்சுல பழ வாசனை. இதெல்லாம் வந்தா உடனே ஓடி வாங்க. அக்குள் வாடைக்கு ஓடி வர வேணாம்."

செய்ய வேண்டியதையும் சொன்னார். காலையும் சாயந்திரமும் சாதா சோப்பு போட்டு அக்குளைக் கழுவ வேண்டும். ஈரம் போகத் துடைக்க வேண்டும். தினம் துவைத்த பருத்தி பனியன், துவைத்த யூனிபார்ம். பொரிந்தது ஆறும்வரை பவுடர் வேண்டாம். பிறகு தீபிகாவின் பக்கம் திரும்பி, "உங்க அம்மாக்கு வந்தது புண்ணு. உனக்கு வந்தது வேர்வை. எனக்கும் இருக்கு, உங்கப்பாவுக்கும் இருக்கு" என்றார்.

தீபிகா அப்பாவின் நனைந்த சட்டைப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள். "ஆமா டாக்டர். நைனாவுக்கு என்னவிட ஜாஸ்தி."

கிளம்பும்போது டாக்டர் அவனை மட்டும் நிறுத்தினார். "இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல மத்ததும் ஒண்ணொண்ணா வரும். பக்குவமா எடுத்துச் சொல்ல வீட்டுல பொம்பளை யாராவது இருக்காங்களா?"

"அக்கா கீறாங்க மேடம்" என்றான். ஒரு பயம் இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் கன்னியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். "டாக்டருக்குத் தெரியும், ஆத்தாவுக்குத் தெரியாதாக்கும்" என்று முனகினாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை முதலில் பிள்ளை தலையில் ஊற்றிக் கும்பிட்டாள். அதன் பிறகுதான் சோப்பை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"நான் தேச்சி உடறேன் வா."

"வேணாம் அத்த. நானே."

தீபிகா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் தாழ்ப்பாள் போட்டது அதுதான் முதல் தடவை. ஹேமநாதன் வெளியே நின்றான். மக் சத்தம் கேட்டது, நின்றது. சோப்பு போடுகிறாளா, வழுக்கி விழுந்துவிட்டாளா? கையைத் தூக்கிக் கதவைத் தட்டினான்.

"பாப்பா? இன்னாமா சத்தத்தக் காணோம்?"

"ஐயோ நைனா! அங்க நிக்காத, அந்தாண்ட போ!"

அவன் இரண்டடி தள்ளிப் போனான். அதற்கு மேல் கால் நகரவில்லை. மறுபடி தண்ணீர் விழும் சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.