பக்கத்து சீட்டில்

காப்பகத்தில் வளர்ந்தவள் என்பதை அவள் கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை. சமூகப்பணிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். தோழிகள் அவளுக்கு 'உம்மணாமூஞ்சி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி வகுப்புக்குக் கண் சொருகும் நேரத்தில்தான் கதை டீச்சர் வருவார். பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ஒரு சிறுகதை வாசிப்பார். "நாளைக்கு அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டப்போறவங்க நீங்க. அதுக்கு முன்னாடி அவங்க மனசுக்குள்ள போய்ப் பழகுங்க" என்பார்.

அன்றைய கதையில் ஒருத்தி கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். வகுப்பு கொதித்தது.

"இவளெல்லாம் ஒரு தாயா மேடம்?"

"சரியான கல்நெஞ்சக்காரி!"

டீச்சர் கையமர்த்தினார். "தீர்ப்பு சொல்ல வேற ஆளுங்க இருக்காங்க. நீங்க அவகூட பஸ்ல ஏறுங்க. பக்கத்து சீட்ல உட்கார்ந்து பார்த்ததை எழுதுங்க."

உம்மணாமூஞ்சிக்குப் பேனா ஓடவில்லை. அவளைப் பொறுத்தவரை அம்மா என்பது விலகிப் போகும் ஒரு முதுகு. அந்த முதுகோடு மனதுக்குள் சண்டை போட்டே வளர்ந்தவள். அந்தப் பக்கம் ஒரு முகமும் இருந்திருக்கும் என்று அன்றுதான் உறைத்தது. எழுதினாள்: கண்டக்டர் கேட்டது அவள் காதில் விழவில்லை. பால் கட்டி நெஞ்சு வலித்தது. ரவிக்கை நனைந்தது தெரியாமலிருக்கத் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அதை அவளே எழுந்து வகுப்புக்கு வாசித்துக் காட்டினாள்.

படிப்பு முடிந்ததும் அம்மாவைத் தேடினாள். போகாத இடமில்லை. துப்பே கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு காப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒரு மழைக்காலையில் ஒரு பெண் தன் மகனை விட வந்தாள். கேள்விகளுக்குப் பயந்து தலை குனிந்தே நின்றாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. பையனை வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "குண்டுமணின்னு... தூங்குறப்போ காதைத் தடவிவிடணும்க்கா. இல்லேன்னா அழுவான்."

"தடவிவிடுறேன்மா."

அந்தப் பெண் தெருமுனையில் மறையும்வரை இவள் குழந்தையோடு ஜன்னலருகே நின்றாள். தன்னையும் அம்மா ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். அதைக் கேட்டு வைத்துக்கொள்ள அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.