மைத்துனர் ஷூவில் ஏறிய கரிப் பஞ்சு

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்து, சர்க்கரை பார்த்து, காபி குடித்து, எட்டே காலுக்கு மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்றேன். வழக்கமான நாள்தான். ஒரே வித்தியாசம், என் ஷூவுக்குள் பாதத்தடியில் இருந்த இன்சோல்கள் அன்று எங்களோடு தங்கியிருக்கும் என் மைத்துனர் ஷூவில் ஏறி, அவர் வேலை பார்க்கும் விக்ரோலிக்குப் போயிருந்தன. அவருக்கு அது தெரியாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்சோல்கள் அவை. பதினாறு வருடச் சர்க்கரை நோயாளி என்று என்னை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தார்கள். உள்ளே கரியால் ஆன மெல்லிய பஞ்சு, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு. அது அமுங்கும்போது அதில் ஓடும் மின்சாரம் மாறும். பாதத்தில் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை அதிலேயே பொருத்திய ஒரு சின்னப் பெட்டி குறித்துவைத்து, சாயங்காலம் என் செல்போன் வழியாக அனுப்பிவிடும்.

ஆரம்பத்திலிருந்தே எனக்கு இது பிடிக்கவில்லை. ஆராய்ச்சி செய்யும் பெண் தாராவிக்காரி. திங்கட்கிழமை நாற்பது நிமிடம் நின்றுகொண்டே இருந்தீர்களா என்று ஒருமுறை போனில் கேட்டாள். நான் ரயிலில் நின்றது இவளுக்கு எதற்கு? இந்தத் தகவலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விற்பார்களோ? பிறகு இரண்டு தடவை கூப்பிட்டு, வலது பெருவிரலுக்கு அடியில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுகிறது, காலைப் பாருங்கள் என்றாள். அடுத்து விலை உயர்ந்த ஷூ ஒன்றை என் தலையில் கட்டப்போகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். டைரியில் தினமும் 'கால்: வலி இல்லை' என்று எழுதுகிறவன் நான்.

என் மனைவிக்குச் சிரிப்பு. "உங்களுக்குப் போட்டியா ஷூவும் டைரி எழுதறது. அதான் பொறுக்கலை" என்றாள்.

அந்தச் சந்தேகத்தால்தான் இந்தச் சோதனை. மைத்துனர் காலுக்கும் அதே கதையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மைத்துனர் வந்ததும் அவர் ஷூவிலிருந்து பெட்டியை எடுத்து என் செல்போனோடு இணைத்தேன். ஏழரைக்கு அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள்.

"அங்கிள், இன்னிக்கு ஷூ போட்டது நீங்க இல்லல்லா?"

மைத்துனர் கழற்றிப் போட்டிருந்த ஷூவைப் பார்த்தேன்.

"நடையே வேற. பாரமும் ஒழுங்கா பரவியிருக்கு. அப்ப எங்க சென்சார் சரியாத்தான் இருக்கு. தயவுசெஞ்சு உங்க வலது காலைப் பாருங்க, அங்கிள்."

சாக்ஸைக் கழற்றினேன். மனைவி குனிந்து பார்த்தாள். பெருவிரலுக்கு அடியில் தோல் தடித்து, நடுவில் பிளந்து ஈரமாக இருந்தது. சாக்ஸில் கறை. அவள் புண்ணின் பக்கத்தில் அமுக்கிப் பார்த்தாள். எனக்கு வலி ஒன்றுமே தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

எட்டரைக்கு டாக்டர் முன்னால் இருந்தேன். புண் இன்னும் எலும்பைத் தொடவில்லை, இப்படியே விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். வலி தெரியாமல் போனதே சர்க்கரை நரம்பைக் கெடுத்ததற்கு அடையாளமாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக, காபிக்கும் முன்னால், அந்தப் பெண்ணுக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். நான் சந்தேகப்பட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் என்ன சொன்னார், கட்டுப் போட்டாரா, இன்றைக்கு வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். யார் மீதாவது சந்தேகம் எழும்போதெல்லாம் அவளுடைய அந்த மூன்று கேள்விகள் இன்றும் என்னைக் கொஞ்சம் நிதானிக்க வைக்கின்றன.