அம்மா கயிறு பிடித்த ஓவியம்

அம்மா வாழ்நாளில் ஒரே ஒரு கதைதான் எழுதினாள். வார இதழில் வந்தது, சமையல் குறிப்புக்கு எதிர்ப்பக்கத்தில். முத்துக்குளிக்கிறவனும் அவன் மச்சானும்தான் கதை. எங்கள் கடற்கரையில் அந்தக் காலத்தில் குளிப்பவனின் கயிற்றை மனைவியின் தம்பிதான் பிடிப்பானாம். அக்கா தாலி அறுபட அவன் விடமாட்டான் இல்லையா? செம லாஜிக்.

கொச்சியிலிருந்து வந்து எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த யூத ஓவியரிடம் அம்மா அந்தக் கதையைச் சொல்ல, அவர் இரண்டு பேரையும் வரைந்துவிட்டார். மச்சானின் கைக்கு அம்மாதான் மாடல். மொட்டை மாடியில் துணிக்கொடியை இழுத்துப் பிடித்தபடியே, "ஏளா, அடுப்புல பால் கெடக்கு, போயி பாரு" என்று என்னை விரட்டினாள். படத்தில் முகம் யாருடையதோ, கை அப்படியே அம்மா. விரலில் அரிவாள்மணைத் தழும்புகூட இருந்தது. வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூ வைக்கும்போது அந்தப் படத்துக்கும் ஒரு கிள்ளு வைப்பாள். "நான் பெத்த பயலுவதான?" என்பாள்.

போன வருஷம் அம்மா செத்துப்போனாள். முதல் திதிக்கு ஊருக்கு வந்தேன். திரும்பும்போது படத்தை என் சென்னை ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஹால் சுவர் காலி. பெயிண்ட் அடித்தபோது படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டதாம்.

"ஒடஞ்ச சாமி படத்த வீட்டுல வைக்கப்பிடாதுளா. கடல்ல விட்டுட்டேன்" என்றாள் இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அத்தை.

"அத்தே, அது சாமியே இல்ல!"

"பொறவு எதுக்கு ஒங்கம்ம வாரா வாரம் பூ வச்சா? தேங்கா ஒடச்சி, சூடம் காட்டி, மரியாதையாத்தான்ளா விட்டேன்."

அவளை என்னவென்று திட்ட?

ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்கு ஓடினேன். அங்கே யார் யார் வீட்டுப் படச் சட்டங்களோ ஒதுங்கிக் கிடந்தன. எங்களுடையது இல்லை.

கொச்சிக்கே திரும்பிவிட்ட ஓவியருக்குப் போன் போட்டு அழுதேன். "போட்டோ உண்டெங்கில் அனுப்பு மோளே, பார்த்து வரைச்சு தராம்" என்றார்.

போனையே குடைந்தேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. படத்துக்கு முன்னால் நின்று நான் எடுத்த செல்ஃபி. தண்ணீருக்குள் குளிப்பவன் தெளிவாகத் தெரிகிறான். அவன் இடுப்பிலிருந்து கயிறு மேலே ஏறி, என் தலைக்குப் பின்னால் போய் மறைகிறது. அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"கை எவிடே மோளே?"