ஐந்து கிண்ண உப்பும் சம்பந்தியின் நாவும்

சென்ற ஆண்டு எங்கள் மருமகன், சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் வரை சென்று மூன்றாம் நாள் காலையில் திரும்பும் உல்லாசக் கப்பலில் மூவருக்கு இடம் பதிந்து கொடுத்தார். நான், என் மனைவி, மருமகனின் தந்தையாகிய எங்கள் சம்பந்தி ஆகியோரே அம்மூவர். ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு தாங்கள் வர இயலாது என்றார் மருமகன். அது பொய்யன்று, ஆயினும் முழுக் காரணமும் அன்று. மற்றக் காரணத்தை என் மகள் அதற்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

மகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், நொறுக்குத் தீனி செய்யும் ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவள். ஒவ்வொரு தொகுதியிலும் உப்பும் காரமும் அளவோடு அமைந்துள்ளனவா என்பதை எடைபோட்டும் கரைத்தும் சுவைத்தும் பார்த்துக் குறிப்பெழுதுவது அவள் வேலை. மகப்பேற்று விடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. மீண்டும் வருகிறாளா என்பதை நாங்கள் கரை திரும்பும் நாளுக்கு மறுநாள், திங்கட்கிழமைக்குள், ஆலைக்குத் தெரிவித்தாக வேண்டும். அவள் வாழ்க்கைப்பட்ட மீஞ்சூர் வீட்டில் மாமியார் இல்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின. எதற்கும் சம்பந்தியின் சொல்லே முடிவு. அவர் வேண்டாமென்றார். அப்பா இசைந்தால் தமக்கு மறுப்பில்லை என்று மருமகன் விலகிக்கொண்டார்.

"கப்பல்ல அவரு எங்கயும் எழுந்து போவ முடியாதுப்பா. நீங்கதான் பக்குவமா பேசணும்" என்றாள் மகள்.

முப்பதாண்டுக் காலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவனுக்கு இது அரிய செயலன்று என்றே எண்ணினேன். கப்பல் துறைமுகத்தை நீங்கிய மாலையில், மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்ற சம்பந்தியின் அருகில் சென்றேன்.

"கற்ற கல்வி பயன்படாது கிடப்பது ஒருவகை இழப்பு அல்லவா, சம்பந்தி?" என்று தொடங்கினேன்.

"வாத்தியாரே, நீங்க சுத்தி வளைச்சு வர்றதுக்குள்ள கப்பல் கரைக்கே வந்துடும்" என்றார் அவர். "பையன் டிக்கெட்டு எடுத்தப்பவே எனக்குத் தெரியும். உப்பு சரியா கீதான்னு நக்கிப் பாக்குறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ரயிலு. ஊட்ல சாம்பார் வெச்சா அத்தயே நக்கிப் பாக்கட்டும். காத்து நல்லா கீது, அனுபவிங்க."

எடுத்துவைத்திருந்த எஞ்சிய சான்றுகளோடு நான் அறைக்குத் திரும்பினேன்.

சம்பந்தி, மீஞ்சூரை அடுத்த கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உப்பை நீக்குவதையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், உண்ண அமர்ந்தால் எதிலும் உப்புப் போதவில்லை என்பார். கப்பலிலும் அவ்வாறே. வந்த முதல்நாள் வடித்த கஞ்சி போன்ற ஒரு வெள்ளைச் சாறு பரிமாறப்பட்டபோது, சுவைத்துப் பாராமலே உப்புக் குப்பியைக் கவிழ்த்தார்.

இரண்டாம் நாள் இரவுணவின்போது, அதைக் கவனித்திருந்த, கேரளத்தைச் சேர்ந்த நடுவயதுப் பரிமாறுநர் ஒருவர் ஒரு தட்டில் நான்கு சிறு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் இளஞ்சிவப்பு நிற இந்துப்பு. ஒன்றில் ஏதோ மேலைநாட்டுக் கடற்கரையில் வாரிய, ஈரம் உலராத சாம்பல்நிற உப்பு. ஒன்றில் பனிச்சீவல் போன்று மெலிந்த செதிலுப்பு. மற்றொன்றில் கருப்பு உப்பு. மேசைமேலிருந்த வழக்கமான தூளுப்பையும் ஒப்புநோக்கும் பொருட்டு அவரே ஐந்தாவது கிண்ணத்தில் கொட்டினார். தக்காளித் துண்டின்மேல் தூவி ஒவ்வொன்றையும் சுவைத்துப் பார்க்கலாம் என்றார்.

சம்பந்தி களிப்படைந்தார். ஒவ்வொன்றையும் நாவில் இட்டுக் கண்மூடினார். "இது உப்பு! நம்ம பாக்கெட்டு உப்பெல்லாம் இதுங்க கால்தூசி ஆவாது" என்றார். பிறகு இந்துப்பில் ஒரு கிள்ளு எடுத்து, மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த என் மனைவியை நோக்கி நீட்டினார். "சம்பந்தியம்மா, கைய நீட்டுங்க."

அவள் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, நான் இன்னா விஷமா குடுக்கிறேன்?"

"அதில்லீங்க சம்பந்தி. உப்ப கைக்குக் கை வாங்கினா ரெண்டு ஊட்டுக்கும் ஆவாது. ஏற்கெனவே ஒண்ணு இழுத்துக்கினு கீது."

எனக்கு இந்நம்பிக்கையில் உடன்பாடு இல்லை. ஆயினும் அன்று அவள் கை நீளாதது எனக்கும் ஆறுதலாகவே இருந்தது.

"அட, ஆமா. மறந்தே பூட்டேன்" என்றார் சம்பந்தி. இப்போது அவர் பாடு இடர்ப்பாடாயிற்று. விரலிடுக்கில் இருந்த உப்பைத் திரும்பக் கிண்ணத்தில் இட முடியாது. கொடுக்க நீட்டியதைத் திரும்ப வைப்பது அழகன்று. கீழே சிந்தவும் மனமில்லை. உப்பைச் சிந்துவது அதனினும் தீதென்பது எங்கள் பக்கத்து எண்ணம். என் மனைவி தன் தண்ணீர்க் குவளையை நகர்த்தி, "இதுல போட்டுடுங்க" என்றாள். போட்டார். அவள் கலக்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "நம்மூட்டு உப்பு மாதிரிதான் கீது" என்றாள்.

"எப்டி? நல்லா பாத்து சொல்லுங்க."

"நீங்களே பாருங்களேன்."

அவருக்குச் சினமும் ஆவலும் ஒருங்கே எழுந்தன. குவளைகள் ஐந்து வரவழைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு உப்பிடச் செய்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நான் குவளைகளை இடம் மாற்றி வைத்தேன். பரிமாறுநரும் பிற வேலையை மறந்து நின்றார்.

கருப்பு உப்பை முகர்ந்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். "அவிச்ச முட்ட வாசன. இத யாரு வேணா சொல்லிடுவாங்க." எஞ்சிய நான்கில் ஒன்றைக் குடித்ததும் முகம் மலர்ந்தது. "இதான் ஒசந்தது. உறுத்தாம, மெதுவா கீது."

அது செதிலுப்பு.

"அது லேசா, பொலபொலன்னு கீது, சம்பந்தி. ஒரு கிள்ளுல கம்மியாத்தான் வரும்" என்றாள் என் மனைவி. "இன்னும் ரெண்டு கிள்ளு போட்டுப் பாருங்க."

போட்டபின் நான்கும் அவருக்கு ஒன்றாயின. மாறி மாறிக் குடித்தார். இறுதியில் ஒரு குவளையைத் தொட்டு, ஐயத்தோடு, "இதான் அந்த ரோசு கலரு" என்றார். அது மேசையில் கிடந்த தூளுப்பு. பரிமாறுநர் நகைப்பை அடக்க முகத்தை அப்பால் திருப்பினார்.

"நாக்குல நேரா படும்போதுதான் வேற வேற. கரைஞ்சிட்டா ஒண்ணுதான். கிள்ளி அளக்கவே கூடாது, எடதான் போடணும்னு உங்க மருமவ சொல்லும்" என்றாள் மனைவி.

"யாரு சொல்லும்?"

"உங்க மருமவதான். ஆலையில அது முன்னால இப்டித்தான் வரிசையா கிளாஸ் வைப்பாங்களாம். எதுல எவ்ளோ கூடன்னு எழுதணும். தப்பா எழுதினா அன்னிக்கு சரக்கு மொத்தமும் வீணு."

சம்பந்தி குவளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க பிளான்ட்ல மெஷினுதான் சொல்லும். வாயில வெச்சு எவனும் பாத்ததில்ல" என்றார். பிறகு என் மனைவியை நோக்கி, "அப்போ ஊட்டு சாம்பார்ல உப்பு கம்மின்னு நான் தெனம் கத்துறேனே, ஒரு நாளும் ஒரு பதிலு சொன்னதில்லயே?"

"உங்களுக்கு பிரஷருக்கு டாக்டரு சொன்ன அளவு அது. எட போட்டுத்தான் போடுது."

இதுவே தக்க தருணமென்று கருதி நான் தொண்டையைச் செருமினேன். மேசைக்கடியில் என் மனைவியின் குதிகால் என் பாதத்தின்மேல் அழுந்தியது. தக்காளியை எடுத்து உண்டேன். நெடுநாளைக்குப் பின் உண்ட நல்லுணவுகளுள் அதுவும் ஒன்று. சம்பந்தி குவளைகளை அப்பால் நகர்த்தினார். ஒரு கரண்டி சோறு கூடுதலாகக் கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை கப்பல் துறைமுகத்தை நெருங்க, கைப்பேசிகள் உயிர்பெற்றன. பெட்டிகளோடு வரிசையில் நின்றபோது சம்பந்தி தம் மருமகளை அழைத்தார். எங்களுக்குக் கேட்டது அவர் பேச்சு மட்டுமே.

"ஏம்மா, அந்தக் கம்பெனிக்கு இன்னா சொல்லிக்கீற? ... இன்னும் சொல்லலயா? நாளைக்கு சொல்லிடு, வரேன்னு. ... ஆமா, நான்தான் சொல்றேன். கொழந்தய காலைல போற வழில கவரப்பேட்டை ஸ்டேஷன்ல எறக்கி விடு, சம்பந்தியம்மா வந்து தூக்கிக்கினு போவாங்க. சாயங்காலம் நானே போய் கூட்டிக்கினு வரேன்."

கவரைப்பேட்டையில் குடியிருப்பவர்களாகிய எங்களை இதுபற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் மனைவி தன் பெட்டியின் பிடியைப் பற்றியபடி, காலையில் எத்தனை மணிக்கு எழவேண்டியிருக்கும் என்று வாய்க்குள் கணக்கிடத் தொடங்கியிருந்தாள்.

"இன்னாம்மா, லைன்ல கீறியா?" என்றார் சம்பந்தி. "அழுவுறியா இன்னா? கொழந்த பயந்துக்கும்மா." பிறகு கைப்பேசியை என் மனைவியிடம் நீட்டி, "நீங்க பேசுங்க, இதெல்லாம் எனக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டு, எங்கள் பெட்டிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படிகளை நோக்கி நடந்தார்.